25 எம்பிக்குள் இருந்தும் மெயில் திரும்புகிறதா? பத்திர ஸ்கேன் அனுப்பும் வழி

வீட்டுக்கடனுக்காகத் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். 22 எம்பி பிடிஎஃபை ஜிமெயில் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் 552, 5.3.4 என்ற எண்களோடு மெயில் திரும்பி வந்துவிடும். அளவு வரம்பைத் தாண்டிவிட்டது என்பதுதான் அந்த எண்களுக்குப் பொருள்.

மெயில் எழுத்துகளைக் கொண்டுபோக உருவானது. அதனால் இணைக்கும் ஃபைல் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறித்தான் பயணிக்கிறது. 3 பைட் 4 எழுத்தாகிறது. வரி முறிவுகளையும் சேர்த்தால் சுமார் 37 சதவீதம் கூடும். அந்த 22 எம்பி, எதிர்ப்பக்க சர்வரைத் தொடும்போது 30 எம்பி. ஜிமெயிலின் 25 எம்பி என்பது அனுப்புகிறவருக்கான வரம்பு மட்டுமே. வாங்கும் சர்வர் தன் வரம்பைத்தான் பார்க்கும். அங்கே 25 எம்பி என்றால் ஃபைல் 18 எம்பிக்குள் இருக்க வேண்டும். அலுவலகத்திலேயே நிறுவிய மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ஆரம்ப அமைப்பு 10 எம்பி; அதை மாற்றாமல் விட்டிருந்தால் 7 எம்பிக்கு மேல் போகாது. அனுப்பும் முன் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஜிப் செய்வது இங்கே வீண் வேலை. ஸ்கேன் பிடிஎஃபுக்குள் இருப்பவை ஏற்கெனவே சுருக்கிய ஜேபெக் படங்கள். குறைக்க வேண்டியது ஸ்கேனரில்தான். டிபிஐ என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளிகள். 150 டிபிஐயில் அதில் கால்பங்கு. தட்டச்சுப் பக்கங்களுக்கு 150 டிபிஐ கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்களோடு எடுக்கும் மோடு) போதும். பழைய கையெழுத்துப் பத்திரமென்றால் 200 வையுங்கள். முத்திரை உள்ள பக்கங்களை மட்டும் கலரில் எடுங்கள். சுத்தக் கறுப்பு வெள்ளை மோடு வேண்டவே வேண்டாம்: ஃபைல் சின்னதாகும், ஆனால் நீல மைக் கையெழுத்து உடைந்துபோகும், வெளிறிய முத்திரை காணாமலே போய்விடும். பத்திரத்தைச் சரிபார்க்கும் வக்கீல் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

அப்படியும் பெரிதாக இருந்தால் ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். புதிதாக ஏற்றும் ஃபைல் பொதுவாக உங்களுக்கு மட்டுமே திறக்கும். பெறுபவரின் மெயில் முகவரியைச் சேர்த்துப் 'பார்க்க மட்டும்' அனுமதி கொடுங்கள். அவரிடம் கூகுள் கணக்கு இல்லையென்றால் பலர் 'லிங்க் உள்ள யாரும்' என்று திறந்துவிடுகிறார்கள். சொத்துப் பத்திரத்துக்கு அதை நாங்கள் சொல்வதில்லை. வேறு வழியே இல்லையென்றால், அவர் இறக்கிக்கொண்டதும் அனுமதியை நீக்கிவிடுங்கள். அதற்கு முன்பே ஃபைலை அழித்தால் லிங்க் செத்துவிடும்.

சில அலுவலக நெட்வொர்க்கில் டிரைவே திறக்காது. அங்கே பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். ஃபைலைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் 7-ஜிப் மென்பொருளில் துண்டு போட்டால் எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்றை மெயில் ஃபில்டர் பிடித்துவைத்தாலும் மொத்தமும் வீண். பத்திரம் வாரியாகத் தனித்தனி பிடிஎஃப் ஆக்குங்கள், ஒவ்வொன்றும் தானாகவே திறக்கும். தலைப்பில் கடன் விண்ணப்ப எண்ணோடு 1/4, 2/4 என்றும், மெயிலுக்குள் ஃபைல் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் எழுதுங்கள். மறுமுனையில் எண்ணிப் பார்த்து, வந்துசேர்ந்தது என்று பதில் வரும்வரை ஸ்கேன் ஃபைல்களை அழிக்காதீர்கள்.