காலியான இடத்துக்கு யார் வந்தது?

பத்தாம் வகுப்பில் நமக்குப் புவியியல் எடுத்த சாரை எண்பதுகளில் நம் பள்ளியில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இடம்பெயர்வுப் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல பொறந்த ஊரை விட்டு வந்தவங்க யாரு?" என்று கேட்டார். நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன மாமா, சித்தப்பாக்களையே ஆளாளுக்குச் சொன்னோம். "சரி, அம்மா எந்த ஊரு?" என்றார். வலங்கைமான், திருவையாறு, பேராவூரணி என்று ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பிறந்த ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்கிற எல்லோரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்கள்தான், நம் நாட்டில் அதில் பெரும்பாலோர் கல்யாணமாகி வந்த பெண்கள் என்றார்.

ஊரை விட்டுப் போகவைக்கும் தள்ளும் காரணி, புது இடத்துக்கு வரவைக்கும் இழுக்கும் காரணி எல்லாம் தேர்வுக்கு எழுதினோம். 1966இல் இடம்பெயர்வை ஆராய்ந்த எவரெட் லீ என்ற அறிஞர் இவற்றோடு நடுவில் வரும் தடைகளையும் ஆளுக்கு ஆள் மாறும் சொந்தக் காரணங்களையும் சேர்த்தார். மலேயாவில் 1953இல் குடியேற்றக் கட்டுப்பாடு வந்தது அப்படி ஒரு தடை. ஒரே வயலில் உழைத்த அண்ணன் தம்பியில் ஒருவர் கப்பல் ஏற, மற்றவர் ஊரிலேயே இருந்துவிட்டதற்கு அந்தச் சொந்தக் காரணம்தான் பதில்.

ஆனால் எனக்கு இன்றும் பெரிதாகப் படுவது 1885இல் ரேவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் இடம்பெயர்வு பற்றி எழுதிய விதிகளில் ஒன்று: நகரத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் அங்கே போனால், அவர்கள் விட்ட இடத்தை இன்னும் தொலைவிலிருந்து வருபவர்கள் நிரப்புவார்கள். தை மாதம் சம்பா அறுப்பு நேரத்தில் சார் எங்களை வாய்க்கால் கரைக்கே அழைத்துப்போய் அதைக் காட்டினார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தார்கள், பக்கத்தில் கூலியாக வாங்கிய நெல் மூட்டை. "எங்க ஊரு வானம் பார்த்த பூமி தம்பி, இந்த நெல்லு ஆடி வரைக்கும் ஓடும்" என்றார் ஒரு அம்மா.

இப்போது அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, நம் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஊருக்குப் போனபோது, அவர்கள் கயிறு கட்டி வரிசை பிடித்து மளமளவென்று நட்டுக்கொண்டு போனதை வரப்பில் நின்று பார்த்தேன். ஊரில் சிலர் அவர்களை ஒரு மாதிரி பேசுவதைக் கேட்க வருத்தமாக இருந்தது, நம் தாத்தாக்கள் மலேயா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனபோதும் இதே பேச்சைக் கேட்டிருப்பார்கள்தானே.

பள்ளியோடு தொடர்பில் இருக்கும் நண்பர்கள் இப்போதைய புவியியல் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அடுத்த நடவுக்குப் பிள்ளைகளை அந்த வரப்புக்கு அழைத்துப்போகட்டும்.