வீட்டுக்கு ஒரு கம்ப்ரசர்

கார் டயருக்குக் காற்றடிக்கவும் வாசல் இரும்புக் கதவுக்குச் சாயம் பூசவும், பினாங்கு பட்டர்வொர்த்திலுள்ள எங்கள் வீட்டுக்குக் காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்த்துத் தரும் ஒரு கம்ப்ரசர் தேவைப்பட்டது. கடைகளில் குதிரைத்திறனையும் தொட்டியின் அளவையும்தான் முதலில் சொல்கிறார்கள். ஆனால் நாம் கேட்க வேண்டியது, வேலைக்கான அழுத்தத்தில் அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றை வெளியே தருகிறது என்பதே. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளிழுக்கும் அளவு; கைக்கு வருவது அதைவிடக் குறைவு. டயருக்கு 24 லிட்டர் தொட்டியே தாராளம். சாயம் அடிக்கும் துப்பாக்கியோ விடாமல் காற்றைக் குடிக்கும். சிறிய தொட்டியோடு பூசினால், அழுத்தம் ஏறும்வரை அடிக்கடி கைகட்டி நிற்க வேண்டும். நானும் அப்படித்தான் நின்றேன்.

எண்ணெய் ஊற்றும் வகை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அவ்வப்போது எண்ணெய் மாற்ற வேண்டும், காற்றோடு எண்ணெய்த் துளி கலந்தால் சாயம் கெடும். எண்ணெயில்லா மலிவு வகையில் பராமரிப்பு குறைவு, இரைச்சல் அதிகம். சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் அண்டை வீட்டாரின் பொறுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1 குதிரைத்திறன் என்பது 746 வாட் ஆகையால் அந்த அளவு கம்ப்ரசருக்கு வீட்டு 13 ஆம்பியர் பிளக் போதும். தூரம் எட்டாவிட்டால் மெல்லிய மின்கம்பியை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுவதே நல்லது. இல்லையேல் மோட்டார் கிளம்பும்போதே திணறும்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. முதல் மாதம் தொட்டியின் அடித்திருகைத் திறந்தபோது தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் வழிந்தது; இப்போது ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் வடித்துவிடுகிறேன்.