மிச்சிகன் தடுப்பாட்டம்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

ஜனவரி 9, 2024

நேற்றிரவு ஹூஸ்டனில் நடந்த கல்லூரி அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை 34-13 என வென்று, ஆடிய 15 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. பிளேக் கோரமின் ஓட்டத்தைப் பற்றியும் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தடுப்பாட்டத்தைப் பற்றி எழுதுவதில்தான் விருப்பம். பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக 10.4 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்த இந்த அணி, மைக்கேல் பெனிக்ஸின் பந்தெறிதலை நம்பி வந்த வாஷிங்டனை ஒரே ஒரு டச்டவுனோடு (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) நிறுத்திவிட்டது.

தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் ஜெஸ்ஸி மின்டரின் முறை எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே குறித்து வைப்பது பின்னால் உதவும். பந்து நகர்வதற்கு முன் ஐந்து அல்லது ஆறு பேர் முன்வரிசையில் பாயத் தயாராக நிற்பார்கள். எதிரணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், அவர்களை எண்ணி, தன் பாதுகாப்பு வீரர்களை அதற்கேற்பத் திருப்புவார். பந்து நகர்ந்ததும் அந்த ஆறு பேரில் மூவர் பின்வாங்கி, பந்து எறியப்படவிருந்த இடத்தில் போய் நிற்பார்கள். யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வேறொருவர் பாய்ந்து வருவார். கணக்குப் பார்த்தால் பாய்ந்தவர் நால்வர்தான். பின்னால் ஏழு பேர் காவலில் இருக்கிறார்கள். ஒரே கையசைவில் லெக் பிரேக்கும் கூக்ளியும் வீசுகிற பந்துவீச்சாளரிடம் மட்டையாளர் தடுமாறுவதைப் போல, எதிரணி குவார்ட்டர்பேக் ஒரு நொடி தாமதிக்கிறார். அந்த ஒரு நொடிதான் இந்த முறையின் முழு வருமானமும்.

ஆனால் இந்த மறைப்பு, ஏட்டில் இருப்பதால் மட்டும் களத்தில் வந்துவிடாது. தாக்குதல் வீரராக இருந்து 2022-இல் தடுப்பாட்டத்துக்கு மாறிய மைக் சான்ரிஸ்டில், முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் ஜூனியர் கோல்சன், மைக்கேல் பாரெட், கடைசிக் காவலான சேஃப்டி ராட் மூர் ஆகியோர் ஒருவர் நகர்ந்தால் மற்றவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பேசாமலே அறிந்திருந்தார்கள். நேற்று ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சான்ரிஸ்டில் பந்தை இடைமறித்து 81 யார்டுகள் ஓடியதையும் அந்த அறிவின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

ஜனவரி 27

எதிர்பார்த்தது நடந்தது. ஹார்பா தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். நேற்று ஷெரோன் மூர் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். ஹார்பா தடை செய்யப்பட்டிருந்தபோது பென் ஸ்டேட்டையும் ஒஹாயோ ஸ்டேட்டையும் வென்ற அணியை நடத்தியவர் என்பதால் வீரர்களிடம் அவருக்கு மதிப்பு உண்டு. மிச்சிகன் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கும் முதல் கறுப்பினப் பயிற்சியாளரும் அவரே. அவர் தாக்குதல் பக்கத்திலிருந்து வளர்ந்தவர். ஆகவே தடுப்பாட்டத்தை முழுவதுமாக ஒருவர் கையில் ஒப்படைத்தாக வேண்டும். மின்டர் நிலைப்பாரா என்பதே இப்போதைய கேள்வி.

பிப்ரவரி 20

மின்டர் நிலைக்கவில்லை. அவரும் முன்வரிசைப் பயிற்சியாளர் மைக் எல்ஸ்டனும் பின்வரிசைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கிளிங்க்ஸ்கேலும் உடற்பயிற்சிப் பொறுப்பாளர் பென் ஹெர்பர்ட்டும் ஹார்பாவின் பின்னாலேயே சார்ஜர்ஸுக்குப் போய்விட்டார்கள். புதிய ஒருங்கிணைப்பாளர் டான் மார்ட்டிண்டேல். எல்லோரும் 'விங்க்' என்றே அழைப்பார்கள்.

இந்தத் தேர்வின் தர்க்கம் வம்சாவளித் தர்க்கம். 2018 முதல் 2021 வரை பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் தடுப்பாட்டத்தை நடத்தியவர் மார்ட்டிண்டேல். அவரிடம் லைன்பேக்கர் பயிற்சியாளராக இருந்த மைக் மெக்டொனால்டுதான் 2021-இல் மிச்சிகனுக்கு வந்து இந்த முறையை நட்டார். அவர் பால்டிமோருக்குத் திரும்பியபோது அடுத்து வந்த மின்டரும் அதே பாசறையில் பயின்றவர். எனவே சீடர்கள் போன பிறகு குருவையே அழைத்து வந்திருக்கிறோம், கலைச்சொற்கள் மாறாது, வீரர்கள் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சொற்கள் ஒன்றாக இருக்கலாம், குணம் ஒன்றல்ல. சீடர்கள் இருவரும் பாய்வதுபோல் காட்டிப் பாயாமல் இருப்பதில் தேர்ந்தவர்கள். குரு உண்மையிலேயே பாய்பவர். பால்டிமோரிலும் பின்னர் நியூயார்க் ஜயன்ட்ஸிலும் அவருடைய அணிகள் என்.எஃப்.எல்.-இல் மிக அதிகமாக பிளிட்ஸ் செய்த (வழக்கமான நால்வருக்கு மேல் ஆட்களைக் குவார்ட்டர்பேக் மேல் பாயவிட்ட) அணிகளுள் இருந்தன. சேஃப்டி ஒருவர்கூடப் பின்னால் நில்லாமல், ஓரக் காவலரான ஒவ்வொரு கார்னர்பேக்கும் தனியாக, பந்தைப் பிடிக்க ஓடும் ஒரு ரிசீவரைக் கட்டிக் காக்க, மீதிப் பேர் அனைவரும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் போகிற ஆட்டத்தை அவர் அஞ்சாமல் ஆடுவார். அது பலித்தால் எதிரணிக்கு மூச்சு விடவும் நேரம் இருக்காது. பலிக்காவிட்டால் நேராக டச்டவுன்.

இந்த இடத்தில் மிச்சிகன் ரசிகர்களுக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. 2016 முதல் 2020 வரை இங்கே தடுப்பாட்டத்தை நடத்திய டான் பிரவுனுக்கு 'டாக்டர் பிளிட்ஸ்' என்றே பெயர். பெரும்பாலான அணிகளை அவர் நசுக்கினார். ஆனால் 2018-இல் ஒஹாயோ ஸ்டேட் தன் வேகமான ரிசீவர்களைக் களத்தின் குறுக்கே ஓடவிட்டது; ஆளுக்கு ஆள் துரத்திய மிச்சிகன் வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு பின்தங்கினார்கள்; 62-39. மறு ஆண்டு 56-27. மெக்டொனால்டை அழைத்து வந்ததே அந்தத் தோல்விகளின் விளைவுதான். இப்போது அவருடைய குருவின் வழியாக அதே துணிச்சல் திரும்பி வருவதை நினைத்தால் சற்றுக் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் யாரும் பேசக் காணோம். மார்ட்டிண்டேல் கல்லூரிக் கால்பந்தை விட்டுப் போய் 20 ஆண்டுகள் ஆகின்றன. களமே வேறு: கல்லூரியில் பந்து வைக்கப்படும் இரு ஹேஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, தொழில்முறையில் 18 அடி 6 அங்குலம்தான். பந்து ஓரத்தில் இருக்கும்போது கல்லூரிக் களத்தின் மறுபக்கம் பெரும் வெளியாகத் திறந்துகிடக்கும். அதைக் காக்க வேண்டிய சேஃப்டி முன்கூட்டியே நகர்ந்தாக வேண்டும், நகர்ந்தால் மறைப்பு அம்பலமாகிவிடும். போதாக்குறைக்குக் கல்லூரி வீரர்களைப் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சியில் ஈடுபடுத்த விதி இடம் கொடுக்காது. முப்பது வயது வீரருக்குச் சொல்வதை எல்லாம் பத்தொன்பது வயது மாணவருக்குச் சொல்லி முடிக்க நேரம் போதுமா?

ஏப்ரல் 28

என்.எஃப்.எல். வீரர் தேர்வு இந்த ஆண்டு நம் டெட்ராய்ட்டிலேயே நடந்தது. மிச்சிகனிலிருந்து 13 பேர். இப்பல்கலைக்கழக வரலாற்றிலேயே இதுதான் அதிகம். பெருமைப்பட்டுக்கொண்டே கழித்தலும் போட்டுப் பார்த்தேன். ஜென்கின்ஸ், சான்ரிஸ்டில், கோல்சன், ஹாரல், பாரெட் என ஐவர் தடுப்பாட்டக்காரர்கள். போதாததற்கு வசந்தகாலப் பயிற்சியில் ராட் மூரின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. ஜனவரியில் நான் பெயர் சொல்லி எழுதிய நால்வரில் ஒருவர்கூட செப்டம்பரில் களத்தில் இருக்கப் போவதில்லை.

மீதமிருப்பது முன்வரிசை. மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்னும் முன்வரிசையின் நடுவே நிற்கும் இரு டேக்கிள்களும் நாட்டிலேயே தலைசிறந்த இணை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓரங்களில் ஜோசையா ஸ்டூவர்ட், டெரிக் மூர். பின்வரிசையில் வில் ஜான்சன். அதாவது தசை இருக்கிறது, ஒரு மிகச்சிறந்த கார்னர் இருக்கிறார். நடுவே பேசி இணைக்கிற ஆட்கள் இல்லை. மேரிலாந்திலிருந்து ஜெய்ஷான் பார்ஹமையும் டென்னசியிலிருந்து வெஸ்லி வாக்கரையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 13

ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசையில் மிச்சிகனுக்கு 9-ஆம் இடம். பட்டம் வென்ற அணிக்கு இது மரியாதையா, சந்தேகமா என்று சொல்வது கடினம். மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பு இப்போது 18 அணிகளின் கூட்டம். வாஷிங்டனும் ஓரிகனும் யு.எஸ்.சி.யும் (தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) இதே குடையின் கீழ் வந்துவிட்டன. தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றும் முதன்முறையாக 12 அணிகளுக்கு விரிந்திருக்கிறது. ஆகவே இரண்டு தோல்விகளோடும் உள்ளே நுழையலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். டெக்சஸ், ஓரிகன், ஒஹாயோ ஸ்டேட் ஆகிய மூன்றும் அட்டவணையில் இருக்க, குவார்ட்டர்பேக் யாரென்றே முடிவாகாத அணியை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நான் போடத் தயாரில்லை. எட்டு வெற்றிகள் என்றால் மகிழ்வேன்.

புதிய விதியொன்று தடுப்பாட்டத்தை நேரடியாகத் தொடுகிறது. இனி ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வீரரின் ஹெல்மெட்டில் ஒலிக்கருவி இருக்கும். பயிற்சியாளர் அவரிடம் நேரடியாகப் பேசலாம். அடுத்த நகர்வைத் தொடங்க உள்ள நேரத்தைக் காட்டும் நகர்வுக் கடிகாரத்தில் 15 நொடிகள் எஞ்சும்போது இணைப்பு துண்டிக்கப்படும். மார்ட்டிண்டேலுக்கு இது பழகிய கருவி. ஆனால் துண்டிப்புக்குப் பிறகு எதிரணி வரிசையை மாற்றினால், பதில் சொல்ல வேண்டியவர் களத்தில் நிற்கிற லைன்பேக்கர்தான்.

செப்டம்பர் 1

ஃபிரெஸ்னோ ஸ்டேட்டை 30-10 என வென்றோம். ஜான்சன் ஒரு பந்தை இடைமறித்து 86 யார்டுகள் ஓடி டச்டவுன் அடித்தார். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

செப்டம்பர் 8

முடிவு செய்ய இது போதும். டெக்சஸ் 31, மிச்சிகன் 12. சொந்தக் களத்தில் தொடர்ந்து 23 வெற்றிகள் என்ற வரிசை முறிந்தது, இடைவேளையிலேயே 24-3.

தோல்வியைவிட அதன் விதம்தான் உறுத்துகிறது. பத்து யார்டுகளைக் கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் ஏழு, எட்டு யார்டுகள் தேவைப்பட்ட போதெல்லாம் மிச்சிகன் பாய்ந்தது. டெக்சஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் பதறாமல் காலியான இடத்துக்குப் பந்தை அனுப்பினார். தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் கன்னர் ஹெல்ம் மட்டும் 7 முறை பிடித்து 98 யார்டுகள் எடுத்தார். அவர் யாரையும் ஏமாற்றி விலகவில்லை. நடுவில் லைன்பேக்கர் 'இவர் உனக்கு' என்று நினைக்க, சேஃப்டி 'இவர் உனக்கு' என்று நினைக்க, இருவருக்கும் இடையே அவர் நின்றார். போன ஆண்டு இந்த இடத்தில் சான்ரிஸ்டில் கையை நீட்டிக் காட்டியிருப்பார். மார்ட்டிண்டேலின் பிளிட்ஸைக் குறைசொல்லிப் பலர் கொதிக்கிறார்கள்; பாய்கிறவர்களைவிடப் பின்னால் நிற்கிறவர்களின் மௌனம்தான் எனக்குக் கண்ணில் படுகிறது.

செப்டம்பர் 29

யு.எஸ்.சி.யை 27-24, மின்னசோட்டாவை 27-24. இரண்டும் வெற்றி, இரண்டும் நிம்மதியற்ற வெற்றி. நேற்று 24-3 என முன்னிலை வகித்தபின் நான்காம் கால்பகுதியில் மட்டும் மூன்று டச்டவுன்களை விட்டுக்கொடுத்தார்கள். தாக்குதல் பக்கம் பந்தை வைத்துக்கொள்ள இயலாததால் தடுப்பாட்டக்காரர்கள் மீண்டும் மீண்டும் களமிறங்க வேண்டியிருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கிரஹாமும் கிராண்டும் இடுப்பில் கைவைத்து நிற்பதை இந்த ஆண்டுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 20

வாஷிங்டனிடம் 17-27, நேற்று இலினாயிடம் 7-21. ஜான்சனுக்குக் கால்விரலில் காயம். ஒற்றைக்கு ஒற்றையாக ஒரு பக்கத்தை முழுவதும் அவரிடம் விட்டுவிட்டு மற்ற பக்கத்தில் ஆட்களைக் குவிக்கும் சலுகை இனி இல்லை. பிளேஆஃப் பேச்சும் இத்துடன் முடிந்தது.

நவம்பர் 10

ஓரிகன் 38 புள்ளிகள் எடுத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேற்றைய இண்டியானா ஆட்டம்தான் கவனத்துக்குரியது. 15-20 எனத் தோற்றோம். ஆனால் தோல்வியே அறியாமல் வந்த இண்டியானா, இரண்டாம் பாதியில் ஒரே ஒரு கள உதைக்கு (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளிகள்) மேல் எதையும் பெறவில்லை. பாய்தல் குறைந்திருந்தது. நால்வர் முன்னால் தள்ள, பின்னால் இருந்தவர்கள் தத்தம் பகுதியைக் காத்தார்கள். சேஃப்டிகள் பந்து நகரும்வரை இடம் காட்டாமல் நின்றதையும் பல மாதங்களுக்குப் பிறகு பார்த்தேன். குருவின் ஆட்டத்தில் சீடர்களின் சாயல் தெரிகிறது.

டிசம்பர் 1

கொலம்பஸில் மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10. ஏறத்தாழ 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று பந்தயக்காரர்கள் கணித்த அணி, 62 யார்டுகள் மட்டுமே பந்தெறிந்து ஜெயித்திருக்கிறது. டொமினிக் சுவாடாவின் உதை 45 நொடிகள் இருக்கும்போது உள்ளே போனது.

ஒஹாயோ ஸ்டேட் ரிசீவர்கள் ஜெரமையா ஸ்மித்தும் எமேகா எக்புகாவும் ஓரங்களில் நிற்க, ஜான்சனும் இல்லாத பின்வரிசையைத் துணிந்து தனித்துவிட்டிருந்தால் 2018 திரும்பியிருக்கும். தொலைக்காட்சியில் நான் பார்த்த அளவில் மார்ட்டிண்டேல் அந்தச் சூதாட்டத்தை அரிதாகவே ஆடினார். சேஃப்டிகள் பின்னால் நின்றார்கள்; ஓட்டத்தைத் தடுக்கும் பொறுப்பு முன்வரிசையிடம் விடப்பட்டது. கிரஹாம் தன் எதிரே நிற்கும் கார்டின் (தாக்குதல் முன்வரிசை வீரர்) தோளுக்கடியில் கையைக் கொடுத்து நிமிர்த்துவார். நிமிர்ந்தவர் பின்னால் தள்ளப்படுவார். ஓடி வருபவருக்குத் தன் சொந்த அணியினரின் முதுகே தடையாக நிற்கும். இது நடந்துகொண்டே இருந்தும் ஒஹாயோ ஸ்டேட் நடுவிலேயே ஓடிப் பார்த்தது; மொத்தம் 26 ஓட்டங்களில் 77 யார்டுகள். ஏன் ஓரத்துக்குப் போகவில்லை என்பதை அவர்கள் ஊரில் விவாதிக்கட்டும்.

ஜான்சனின் இடத்தை நிரப்ப வந்த ஆமிர் ஹால், ஆல்பனியிலிருந்து மாறி வந்தவர், ஒஹாயோ ஸ்டேட் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்டின் பந்தை இடைமறித்து 2 யார்டு கோடுவரை கொண்டுபோனார். மிச்சிகனின் ஒரே டச்டவுன் அதிலிருந்து வந்தது. பின்னர் மக்காரி பேய்ஜ் இன்னொன்றை இடைமறித்தார். ஏப்ரலில் தசை இருக்கிறது, பேசுகிற ஆள் இல்லை என்று எழுதியிருந்தேன். நேற்று பின்வரிசை ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் கைகாட்டிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 1, 2025

டாம்பாவில் அலபாமாவை 19-13 என வென்று பருவம் 8-5 என முடிந்தது. கிரஹாம், கிராண்ட், ஜான்சன் மூவரும் தொழில்முறைக்குத் தயாராவதற்காக ஆடவில்லை. முதல் கால்பகுதியிலேயே அலபாமா மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தது, அப்போதே 16-0.

தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கர்க் கேம்பெல் நீக்கப்பட்டுவிட்டார்; வட கரோலினாவிலிருந்து சிப் லிண்ட்ஸே வருகிறார். மார்ட்டிண்டேல் தொடர்கிறார். அடுத்த ஆண்டுக்கு அவரிடம் இந்த ஆண்டு இருந்ததற்கு நேர் எதிரான சொத்துதான் இருக்கும்: ராட் மூர் திரும்பினால், ஒன்றாக ஆடிப் பழகிய பின்வரிசையும் லைன்பேக்கர்களும் கையில், கிரஹாமும் கிராண்டும் இல்லாத நடுவரிசை. நால்வரைக் கொண்டு மட்டும் எதிரணியைப் பின்தள்ள முடியாதபோது ஐந்தாவது, ஆறாவது ஆளை அனுப்பும் ஆசை அவருக்கு மறுபடி வரும். அப்படி அனுப்புவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே பழக்கிவிட வேண்டும். செப்டம்பரில் ஓக்லஹோமாவுக்குப் போகிற பயணம் அட்டவணையில் இருக்கிறது.