கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு

டிசம்பர் பிறந்தாலே எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து வேலை தொடங்கிவிடும். கேக்கைக் கடையில் வாங்கினால் போதும் என்பது ஆச்சியின் கட்சி.

25ஆம் தேதி விடியற்கால ஆராதனை, 1826இல் பிரதிஷ்டையான ஊசிக்கோபுரக் கோயிலில். பிள்ளைகள் தூங்கி வழிந்தாலும் யாருக்கும் விலக்கு கிடையாது. திரும்பியதும் வீட்டு ஜெபம். லூக்கா 2ஆம் அதிகாரத்தை இந்த வருஷம் கடைக்குட்டி எழுத்துக்கூட்டி வாசிக்கப் போகிறாள். அப்புறம்தான் காபியே!

முதல் பலகாரத் தட்டு பக்கத்து பாய் வீட்டுக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் வந்ததற்குப் பதில் மரியாதை என்று சொன்னால் ஆச்சிக்குக் கோபம் வரும்: "பதிலாம் பதிலு! இயேசு பொறந்த சந்தோஷத்த நாமளே தின்னுட்டு இருக்கவா?"

சீரியல் பல்பு செலவைக் குறைத்து, தெருவில் துப்புரவு வேலை செய்யும் அக்காமாருக்குச் சேலை எடுக்கிறோம். ஸ்டார் மட்டும் பெரிசுதான். அதில் அப்பா விட்டுக்கொடுக்க மாட்டார்.