எட்டரை மணி நேர்காணல்

26.10.2024, கல்லிடைக்குறிச்சி

ஆகஸ்டில் போட்ட விண்ணப்பத்துக்கு இன்று காலையில்தான் பதில் வந்தது. அமெரிக்காவில் டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம், போஸ்ட்டாக் வேலை, அதாவது பிஎச்டிக்கு அப்புறம் செய்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை. நவம்பர் 12, அவர்கள் ஊர் காலை 10 மணிக்கு நேர்காணல். கூகுளில் பார்த்தேன், நமக்கு ராத்திரி ஏழரை. காலண்டரில் பேனாவால் எழுதிவிட்டேன்.

"லேப்புன்னா ரத்தம் எடுக்கிற எடமா ஏட்டி?" என்றாள் ஆச்சி. ஆமாம் என்று சொல்லியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

28.10.2024

அப்பாவுக்கு ஒரே கேள்வி. பெர்மனன்டா? இல்லை, 2 வருடம், அப்புறம் நீட்டித்தால் உண்டு. "அவ்வளவு படிச்சிட்டு கான்ட்ராக்ட் சோலியா?" பிஎச்டி முடித்து 5 வருடம் தாண்டினால் அங்கே போஸ்ட்டாக்குக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எனக்கு மூன்று ஓடிவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ராத்திரி அவரே யூடியூபில் பார்த்திருக்கிறார். 1942-43-இல் அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டக் கட்டிய ஊராமே என்கிறார். கூடங்குளத்துக்கே என்னை அனுப்ப யோசித்த மனுஷன்.

6.11.2024

ஸ்லைடு போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே ஃபிரான்டியர் என்ற சூப்பர் கம்ப்யூட்டர், இப்போதைக்கு உலகத்தில் முதலிடம். ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கிற 9,400-க்கும் மேற்பட்ட கணினிகள், கணு என்பார்கள்; கணுவுக்கு நாலு ஜிபியூ, வேகமாகக் கணக்குப் போடுகிற சில்லு. நான் இதுவரை ஓட்டியது ஒரே ஒரு ஜிபியூவில்.

கடல் அலையைக் கணக்கிடுகிற என் புரோகிராமின் வேலையைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு ஜிபியூவிடம் கொடுக்கலாம். ஆனால் கணக்கின் ஒவ்வொரு படிக்கும் ஓரத்து எண்களைப் பக்கத்துத் துண்டிடம் கேட்டு வாங்க வேண்டும். துண்டு கூடக் கூட, கணக்குப் போடுகிற நேரத்தைவிடக் கேட்டு வாங்குகிற நேரம் மிஞ்சிவிடும். அப்பாவிடம் சொன்னேன். "வயலப் பங்கு பிரிச்ச கததான். வரப்பு கூடிட்டுன்னா தண்ணிக்குப் பக்கத்து வயக்காரன்கிட்ட நிக்கதுலயே பொழுது போயிரும்." வரப்பையே ஸ்லைடில் வரைந்துவிட்டேன்.

12.11.2024

ஏழே காலுக்கே காட்டன் சேலையும் ஹெட்போனுமாக உட்கார்ந்துவிட்டேன். ஏழரைக்கு இணைப்பைத் திறந்தால் யாருமில்லை. ஏழே முக்காலுக்கு கரன்ட் போயிற்று, வைஃபையும் போச்சு. வெளியே நல்ல மழை. அம்மா மெழுகுவத்தி ஏற்றி அப்பளத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு அழுகை முட்டியது.

போனில் மெயிலைத் திறந்து மன்னிப்புக் கேட்டு எழுத ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. நவம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். அவர்களுடைய பத்து மணி நமக்கு இப்போது எட்டரை! எட்டு இருபதுக்கு கரன்ட் வந்தது.

முதல் கேள்வியே, ஒரு ஜிபியூவிலிருந்து ஆயிரத்துக்குப் போனால் எது முதலில் திணறும் என்பதுதான். வரப்பு ஸ்லைடைத் திருப்பினேன்.

19.11.2024

உலக சூப்பர் கம்ப்யூட்டர்களின் புதுப் பட்டியல் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் எல் கேப்பிட்டன் முதலிடம், ஃபிரான்டியர் இரண்டாவது. அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, "அந்த லேப்புக்கும் ஒண்ணு போட்டு வையி" என்கிறார்.

ஓக் ரிட்ஜிலிருந்து மெயில் இன்னும் வரவில்லை.