மூஞ்சி கழுவிட்டு வரும்

2005 பிப்ரவரியில் நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். அப்புறம் அக்கரைப்பேட்டைக் குடும்பங்கள் தங்கியிருந்த தற்காலிகக் குடியிருப்பில் ஒரு வரிசை என் பொறுப்பு. தார் ஷீட் அடித்த கொட்டகைகள். காலை பத்து மணிக்கே உள்ளே அனலடிக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அலையில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்துக்காரர்கள். சாதாரணமாக ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே வந்து உட்காரும். இங்கே, வரவேண்டியவர்கள் வீட்டிலும் சாவு.

என் வரிசையில் ஒரு வீடு. அப்பா, அம்மா, அப்பாயி, ஒன்பது வயதுப் பையன். ஐந்து வயதுத் தங்கை போய்விட்டாள். அந்தப் பெண்ணின் பேரை யாரும் எடுப்பதில்லை. பையன் மறந்துகொண்டு வருகிறான், நாம் ஞாபகப்படுத்தக் கூடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நானும்தான், முதல் வாரத்தில் அந்த அம்மாவிடம், "பையன் முன்னாடி அழாதீங்க, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்த பெரிய தவறு அது.

பையன் படுக்கையில் சிறுநீர் கழித்தான். தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டான். செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்குவான். ஒருநாள் படம் வரைந்துகொண்டிருந்தவன், தலையைத் தூக்காமலே சொன்னான்: "அம்மா தண்ணி டேங்குகிட்ட போய் அழும். அப்புறம் மூஞ்சி கழுவிட்டு வரும்." கொஞ்ச நேரம் கழித்து, இன்னொன்றும் சொன்னான். அலை வந்ததற்கு முதல் நாள் சாயங்காலம் பென்சிலுக்குச் சண்டை போட்டு, தங்கையை "செத்துப் போடி" என்று திட்டியிருக்கிறான். தான் சொன்னதால்தான் கடல் வந்தது என்று இரண்டு மாதமாக மனதுக்குள் வைத்திருந்தான்.

பெரியவர்கள் மறைத்தால் குழந்தைக்குத் தெரியாமல் போவதில்லை. இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று மட்டும் புரிந்துகொள்கிறது. மிச்சத்தைத் தானே கற்பனை செய்துகொள்கிறது.

மறுநாள் அந்த அம்மாவிடம் என் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "அழுங்க. பாப்பாவ நெனச்சு அழுறேன்னு அவன்கிட்டயே சொல்லுங்க" என்றேன். தங்கை எங்கே என்று நூறு தரம் கேட்டாலும் ஒரே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஈரப் பாய்க்காகத் திட்டாதீர்கள், வேளைக்குச் சோறு, வேளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஒழுங்கை மட்டும் விடாதீர்கள் என்றும் சொன்னேன். வருகிற போகிறவர்களிடமும் கேமராக்காரர்களிடமும் பையனைக் கதை சொல்ல வைப்பதை நிறுத்தச் சொன்னேன். அவனாகப் பேசுவது வேறு, பேச வைப்பது வேறு.

அப்பாதான் அசையவில்லை. கடலுக்கும் போகவில்லை, வீட்டிலும் வாய் திறப்பதில்லை. ராத்திரித் தூக்கம் அறவே போய், "இருந்து என்னத்துக்கு" என்று பேச ஆரம்பித்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அந்தப் பேச்சை வெறும் சலிப்பு என்று எந்த வீட்டிலும் விட்டுவிடக் கூடாது. இன்றைக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை.

மார்ச் 28 ராத்திரி சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நிலநடுக்கம். எச்சரிக்கை வந்ததும் கரையோரமே ஓடியது. ஓடும்போது பையன் தங்கை பேரைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். அப்பா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பாப்பா இல்லடா, அவள கடல் கொண்டு போயிடுச்சு. நீ சொன்னதால இல்லடா" என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார்.

காலையில் நான் போனபோது இதை அந்த அம்மாதான் சொன்னார். தண்ணீர் டேங்குப் பக்கம் போகாமல், வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். பையன் அவர் மடியில் சாய்ந்து பொரி தின்றுகொண்டிருந்தான்.