பிளம்பர் சேரும் பிரஸ்டனும்

எங்கட பட்ச் பொடியளுக்கு பிளம்பர் சேர் எண்டா ஆள் ஆரெண்டு விளங்கும். மற்றாக்களுக்காகச் சொல்லுறன், எங்களுக்கு ஃபுட்போல் பழக்கின மாஸ்டர்தான், பைப்புக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, பின்னேரம் பிராக்டிஸ் முடிய வேப்பமரத்தடியில எங்களை இருத்தி வச்சு ஒரே டொம் ஃபினி கதைதான், அந்தாள் இங்கிலாந்துக்கு 76 மட்ச் விளையாடி 30 கோல் அடிச்சவராம், ஆனா பிளம்பராம், கிழமை நாளில குழாய் பூட்டிப்போட்டு சனிக்கிழமை பந்தடிக்கப் போவாராம். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பம். இங்கிலாந்து டீமில விளையாடுறவன் ஏனடா குழாய் பூட்டப் போறான்? அண்டையில இருந்து சேருக்குப் பேர் பிளம்பர்.

போன வருசம் மகளை யூனியில விட இங்கிலாந்தில இருக்கிற பிரஸ்டனுக்குப் போனனான். சரியான மழை. அவள் ரூமை ஒதுக்கட்டும் எண்டு போட்டு நான் அந்த ஊர் ஃபுட்போல் கிளப்பின்ர டீப்டேல் கிரவுண்ட் பக்கம் நடந்தன். வெளியில ஒரு சிலை, தண்ணித் தொட்டிக்குள்ள ஒருத்தர் பந்தோட சறுக்கிக்கொண்டு போறார், ரெண்டு பக்கமும் தண்ணி விசிறியடிக்குது. 1956இல செல்சி கிரவுண்டில வெள்ளத்துக்குள்ள விளையாடேக்க எடுத்த படத்தைப் பார்த்துச் செய்ததாம். பேரை வாசிச்சன். எங்கட டொம் ஃபினி!

ஹோட்டலுக்கு வந்து இரவிரவா ஃபோனில அவரைப் பற்றி வாசிச்சன். சேர் சொன்னதெல்லாம் உண்மை. 1922இல பிரஸ்டனிலயே பிறந்தவர், தகப்பன் முதல்ல பிளம்பிங் பழகி முடி, பிறகு பந்தை உதை எண்டு போட்டார். அதுக்குள்ள ரெண்டாம் உலகச் சண்டை வந்திட்டுது, எகிப்து, இத்தாலி எண்டு ஆமியில திரிஞ்சு, லீக்கில முதல் மட்ச் விளையாடேக்க வயசு 24. 1960 வரைக்கும் பிரஸ்டன் கிளப் ஒண்டுக்குத்தான், லீக்கில மட்டும் 187 கோல். அந்த நாளில ஆட்டக்காரருக்கு இவ்வளவுக்கு மேல சம்பளம் குடுக்கக் கூடாது எண்டு சட்டம், 1961இல அதை எடுக்கேக்க கூட கிழமைக்கு 20 பவுண்தான், பிறகு குழாய் பூட்டாம என்ன செய்யிறது? 1952இல இத்தாலியின்ர பலேர்மோ கிளப் கையில 10,000 பவுண், வீடு, கார் எல்லாம் தாறம் எண்டு கேட்டிருக்கு, பிரஸ்டன் சேர்மன் விடேல்ல. மனுசன் பேசாமத் திரும்பி வேலைக்குப் போட்டார். நானெண்டா சண்டை பிடிச்சிருப்பன். ரிட்டயர் ஆகி 3 வருசத்தால, 41 வயசில, பெல்ஃபாஸ்ட் டீம் ஒண்டுக்காக போர்த்துக்கல் கிளப் பென்ஃபிகாவோட ஒரு மட்ச் இறங்கினவர், அது 3-3. அதை சேர் எங்களுக்குச் சொல்லேல்ல.

ஃபினிக்கு பிறவியில இடக்கால், வலக்காலைப் பழக்கித்தான் ரெண்டு விங்கிலயும் விளையாடினவர். நான் மறுவளம். "இடக்கால் எங்கயடா, வீட்டில வச்சிட்டு வந்தனியோ?" எண்டு கேட்டுப்போட்டு சேர் என்ர வலது பூட்ஸைக் கழட்டி மரத்தில கொழுவிப்போடுவார். மறந்து வலக்காலால உதைச்சா பெருவிரல் வீங்கும், மாரியில நனைஞ்ச லெதர் பந்து கல்லு மாதிரி. ரெண்டு மாதத்தில இடக்காலால கோணர் அடிச்சன்.

பிழை எண்டா ஒண்டுதான். 1954 எஃப்ஏ கப் ஃபைனலில பிரஸ்டன் 3-2 எண்டு வெண்டதெண்டு சேர் சொன்னவர். தேடிப் பார்த்தா 3-2 சரி, வெண்டது வெஸ்ட் ப்ரோம். ஃபினி பெரிய கப் ஒண்டும் தூக்காமலே போட்டார், 1953இல லீக்கும் புள்ளி சமனா வந்து கோல் கணக்கில ஆர்சனலுக்குப் போட்டுது. புத்தகம் கரைச்சுக் குடிச்ச மனுசனுக்கு இது தெரியாமலோ? யோசிச்சுக்கொண்டு படுத்தனான், பிறகுதான் நினைவு வந்தது, அந்தக் கப் கதையை அவர் சொன்னது ஒரே ஒருக்கா, நாங்கள் ஃபைனலில தோத்துத் திரும்பின அண்டு, இருட்டுக்க, வானுக்குள்ள, ஒருத்தரும் வாய் திறக்காம இருக்கேக்க.